விலை சொல்பவரின் விலை



நகையை அடகு வைக்கப் போனால் கடைக்காரருக்கு இரண்டு விவரம் தெரிந்தாக வேண்டும். எத்தனை பவுன், இன்றைக்கு கிராம் என்ன விலை. விலை தப்பாகிவிட்டால் ஒன்று கடைக்காரருக்கு நட்டம், இல்லாவிட்டால் நகை வைத்தவருக்கு நட்டம். பிளாக்செயினிலும் இதே அடகு வியாபாரம் நடக்கிறது, பல நூறு கோடி டாலருக்கு. அங்கே கடையை நடத்துவது ஆள் அல்ல, ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற நிரல். தான் இயங்கும் பிளாக்செயின் சங்கிலிக்குள் எழுதப்பட்டிருப்பதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. பிட்காயின் இன்று என்ன விலை என்பதை வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்து உள்ளே எழுதினால்தான் உண்டு. அப்படி எழுதும் வேலையைச் செய்யும் அமைப்புகளை ஆரக்கிள் என்கிறார்கள்.

இந்த அமைப்புகளில் பெரும்பாலானவை சொந்தமாக ஒரு கிரிப்டோ நாணயத்தையும் வெளியிட்டிருக்கின்றன. செயின்லிங்க்கின் லிங்க், பித் நெட்வொர்க்கின் பித், தாய்லாந்தில் பிறந்த பேண்ட், டெல்லரின் டிஆர்பி, ஏபிஐ3 என்று பட்டியல் நீளும். இவற்றில் எதில் பணம் போடலாம் என்று கேட்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த அமைப்பு வேலையை நன்றாகச் செய்கிறது என்பது ஒன்று. அந்த வேலையால் வரும் பயன் நாணயத்தை வைத்திருப்பவருக்குப் போய்ச் சேருகிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கிடைத்த பதிலையே இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வதால்தான் பலருடைய பணம் போகிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். 2019 ஜூன் மாதம் சிந்தெடிக்ஸ் என்ற திட்டத்தில், கொரிய நாணயமான வோனின் விலையைத் தந்துகொண்டிருந்த ஒரு மூலம் கோளாறாகி, உண்மை விலையைப் போல ஆயிரம் மடங்கு காட்டியது. அதைக் கவனித்த ஒரு தானியங்கி வணிக நிரல், ஒரு மணி நேரத்துக்குள் கணக்கில் நூறு கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்துவிட்டது. அதன் உரிமையாளர் சன்மானம் பெற்றுக்கொண்டு எல்லாவற்றையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டதால் திட்டம் பிழைத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் காம்பவுண்ட் என்ற கடன் திட்டத்துக்கு அடி விழுந்தது. எப்போதும் ஒரு டாலரில் நிற்க வேண்டிய டாய் நாணயம், காயின்பேஸ் சந்தையில் மட்டும் சற்று நேரம் 1.30 டாலருக்கு ஏறியது. அந்த விலையை நம்பிய நிரல், சுமார் 8.9 கோடி டாலர் மதிப்புள்ள அடகுப் பொருள்களை விற்றுத் தள்ளியது. கடன் வாங்கியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

ஒரே மூலத்தை நம்பாதே என்பது செயின்லிங்க்கின் அடிப்படை. செர்கேய் நசரோவும் ஸ்டீவ் எல்லிஸும் தொடங்கிய இத்திட்டம், 2017 செப்டம்பரில் நாணய விற்பனை மூலம் 3.2 கோடி டாலர் திரட்டி, 2019 மே மாதம் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இயங்கத் தொடங்கியது. இதன் கணினிகளை இயக்கும் இயக்குநர்கள் பலர் தனித்தனியே விலையைத் திரட்டித் தருவார்கள். அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைச் சங்கிலியில் எழுதுவார்கள். ஒருவர் பொய் சொன்னாலும் நடு எண் பெரிதாக அசையாது. விலை குறிப்பிட்ட அளவுக்கு நகர்ந்தாலோ, குறிப்பிட்ட நேரம் கடந்தாலோ புது விலை எழுதப்படும்.

பித் வேறு வழியில் போனது. விலையை வெளியிலிருந்து திரட்டுவதற்குப் பதிலாக, சந்தையிலேயே புழங்கும் வணிக நிறுவனங்களும் எக்ஸ்சேஞ்சுகளும் தங்கள் விலையை நேரடியாகத் தருகின்றன. தேவைப்படுகிறவர் தேவைப்படும் நேரத்தில், தன் பரிவர்த்தனையோடு சேர்த்து விலையை எடுத்துக்கொண்டு ஒரு சிறு கட்டணம் செலுத்துவார். வேகம் அதிகம், செலவு குறைவு. நொடிக்கு நொடி விலை மாறும் வணிகத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

இரண்டுக்கும் தழும்புகள் உண்டு. 2021 செப்டம்பரில், சந்தையில் பிட்காயின் 40,000 டாலருக்கு மேல் இருந்த நேரத்தில், பித் சற்று நேரம் 5,402 டாலர் என்று காட்டியது. 2022 மே மாதம் லூனா நாணயம் சரிந்தபோது, செயின்லிங்க் காட்டிய லூனா விலை ஏறத்தாழ 10 சென்ட்டில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே காட்ட அதில் இடமில்லை. உண்மை விலை பாதாளத்துக்குப் போயிருந்த அந்த நேரத்தில், மலிவான லூனாவை வாங்கி 10 சென்ட் கணக்கில் அடகு வைத்து, வீனஸ் என்ற திட்டத்திலிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் எடுத்துச் சென்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மேங்கோ மார்க்கெட்ஸ் என்ற திட்டம் 11 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அங்கே ஆரக்கிள் பொய் சொல்லவில்லை. வியாபாரம் குறைவாக நடந்த ஒரு நாணயத்தின் விலையைச் சந்தையிலேயே செயற்கையாக ஏற்றினார்கள், ஆரக்கிள் அதை உள்ளபடியே தெரிவித்தது.

இத்தனையையும் தாண்டி, வேலை என்று பார்த்தால் செயின்லிங்க்தான் முன்னணி என்பது என் கருத்து. நாணயத்தின் கதைக்கு வருவோம். லிங்க் 2021 மே மாதம் 52 டாலரைத் தொட்டது. ஓராண்டுக்குப் பின் 6, 7 டாலருக்கு வந்து, 2023 இலையுதிர் காலம் வரை பெரும்பாலும் அந்த அளவிலேயே கிடந்தது. அந்தக் காலத்தில் செயின்லிங்க்கைப் பயன்படுத்தும் திட்டங்கள் குறையவில்லை, பெருகின. சேவை வளர்ந்தது, நாணயம் படுத்திருந்தது. உச்சத்தில் வாங்கியவருக்கு அந்த வளர்ச்சியால் ஒரு காசு பயனில்லை.

காரணத்தை நாணயத்தின் அமைப்பிலேயே தேட வேண்டும். மொத்தம் 100 கோடி லிங்க். அதில் 35 விழுக்காடுதான் 2017-இல் விற்பனைக்கு வந்தது. மீதி இயக்குநர்களுக்கான ஊக்கத்துக்கும் நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டு, அதிலிருந்து தவணை தவணையாகச் சந்தைக்கு வருகிறது. பங்கு வாங்கினால் நிறுவனத்தின் லாபத்தில் நமக்கு உரிமை உண்டு. இந்த நாணயத்துக்கு அப்படி ஓர் உரிமை கிடையாது.

பித்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மொத்தம் 1,000 கோடி நாணயம். 2023 நவம்பரில் வெளிவந்தபோது புழக்கத்தில் இருந்தது 150 கோடி மட்டும். 2024 மே மாதம் ஒரே தவணையில் மேலும் 213 கோடி நாணயம் பூட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. புழக்கம் ஒரு நாளில் இரண்டு மடங்கைத் தாண்டியது. 2024 மார்ச்சில் ஒரு டாலருக்கு மேல் விற்ற பித், 2025 ஏப்ரலில் 15 சென்ட் அளவுக்கு வந்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க வணிகத் துறை தன் பொருளாதாரப் புள்ளிவிவரங்களைப் பிளாக்செயினில் வெளியிட செயின்லிங்க்கையும் பித்தையும் தேர்ந்தெடுத்தது. செய்தி வந்ததும் பித் ஒரே நாளில் பாதிக்கு மேல் ஏறியது. இரண்டு மாதத்தில் அந்த ஏற்றம் கரைந்துபோயிற்று. செய்தி கேட்டு அன்று வாங்கியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் கேட்ட செய்தி பொய்யல்ல, நல்ல செய்திதான்.

பேண்டை 2020-இல் அடுத்த செயின்லிங்க் என்றார்கள். 2021-இல் 20 டாலரைத் தாண்டிய அது, 2024-இல் ஓரிரு டாலரில் நின்றது. டெல்லரின் நாணயங்கள் மொத்தமே 25 லட்சம் அளவுதான். 2023 கடைசி நாளில் அதன் விலை 500 டாலரைத் தாண்டி ஏறி, சில மணி நேரத்தில் 200-க்கும் கீழே விழுந்தது. எண்ணிக்கை குறைந்த நாணயம் சிலர் கையில் குவிந்தால் இப்படித்தான் ஆட்டுவிக்கப்படும். அதன் தொழில்நுட்பம் அன்று காலையில் இருந்ததுபோலவே மாலையிலும் இருந்தது.

எது ஜெயிக்கும் என்று தெரியாது, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைக்கிறேன் என்பார்கள் சிலர். பங்குச்சந்தையில் அது நல்ல யோசனை. இந்தியாவில் கிரிப்டோவுக்கு அது செல்லாது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, மேலே 4 விழுக்காடு கூடுதல் தீர்வை. ஒரு நாணயத்தின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. லிங்க்கை விற்று ஒரு லட்சம் லாபம், பேண்டை விற்று ஒரு லட்சம் நட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வந்தது ஒன்றுமில்லை. வரி மட்டும் 31,200 ரூபாய். ஐந்து நாணயங்களில் பரப்பி வைத்தவர், ஐந்தில் ஒன்று ஜெயித்தாலும் இந்தக் கணக்கில் தோற்கக்கூடும்.

ஆகவே, பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் இங்கே கொண்டுவராதீர்கள். போனாலும் தாங்கும் பணம் இருந்து, விருப்பமும் இருந்தால், பார்க்க வேண்டியவை வெளிப்படையாகவே கிடைக்கின்றன. 2025 ஆகஸ்டில் செயின்லிங்க் ஒரு சேமிப்பு நிதியைத் தொடங்கியது. சேவைக் கட்டணமாக வரும் வருமானத்தை லிங்க்காக மாற்றி அதில் சேர்க்கிறார்கள். வருமானத்துக்கும் நாணயத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒரு தொடர்பு இதில் இருப்பதால் இதை முக்கியமாக நினைக்கிறேன். அந்த நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைச் சங்கிலியிலேயே யாரும் பார்க்கலாம். ஒதுக்கீட்டிலிருந்து எவ்வளவு லிங்க் வெளியே போயிருக்கிறது என்பதையும் பார்க்கலாம். இரண்டு எண்ணையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வெளியே போவது பெரிதாக இருக்கும்வரை, உள்ளே வரும் கட்டணம் நாணயத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்று யாரும் சொல்ல முடியாது.