நிறுத்தத்தில் தொடங்கும் பயணம்

நம் நாட்டு நகரங்களில் எளிய மக்கள் வேலைக்கும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் பெரிதும் நம்பியிருப்பது பேருந்தையே. அவர்களது பயணம் பேருந்து புறப்படும்போது தொடங்குவதில்லை. நிறுத்தத்தில் காத்து நிற்கும்போதே தொடங்கிவிடுகிறது. அங்கே நிழலும், இருக்கையும், இரவில் விளக்கும், தட எண் அறிவிப்பும் இல்லையெனில், புதிய பேருந்துகள் வாங்குவதன் பயன் பெருமளவு குறைந்துவிடும்.

படியின் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். நெடுங்காலமாக நம் பேருந்துகள் பெரும்பாலும் லாரியின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டன. எனவே முதியோரும் கருவுற்ற பெண்களும் ஏறுவதற்கே திணறினர். பின்னர் வந்த தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 400 மில்லிமீட்டர் உயரமே உடையது. ஆனால், அது நடைபாதையை ஒட்டி நில்லாமல் நடுச்சாலையில் நின்றால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அதனால் என்ன பயன்? ஆமதாபாத்தில் 2009-இல் தொடங்கிய ஜன்மார்க் சேவையில் நிறுத்த மேடையும் பேருந்தின் தளமும் ஒரே மட்டத்தில் அமைக்கப்பட்டன. இரண்டையும் ஒருங்கே திட்டமிட்டதன் விளைவு அது.

பேருந்தைப் பேணுவதற்குப் பணிமனை உண்டு. பிரேக், டயர், விளக்கு ஆகியவற்றில் கண்ட குறையை ஓட்டுநர் எழுதி வைக்கிறார். தொழிலாளர் அதைச் சரிசெய்கின்றனர். நிறுத்தத்திற்கோ பணிமனை இல்லை. பேருந்து போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தது. நிழற்குடை பெரும்பாலும் நகராட்சியைச் சேர்ந்தது. சாலை மற்றொரு துறையின் பொறுப்பில் இருக்கலாம். கூரை ஒழுகினால் யாரிடம் முறையிடுவது என்பது பயணிக்குத் தெரிவதில்லை.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பேருந்து நிறுத்தங்களிலும் அவர்களுக்கான வசதிகளைச் செய்து தரவேண்டுமென்று விதிக்கிறது. 10,000 மின் பேருந்துகளை இயக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2023-இல் ஒப்புதல் அளித்தது. இத்தகைய முயற்சிகள் முழுப்பயன் தரவேண்டுமெனில், ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் ஓர் எண்ணும், ஒரு குறைப் பதிவேடும், பொறுப்பேற்கும் ஓர் அலுவலரும் இருத்தல் வேண்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. துறைகளிடையே ஒத்துழைப்பே தேவை.

நிறுத்தத்தில் காத்திருப்பவரும் பயணியே. அவரைப் பேணுவதும் போக்குவரத்துப் பணியின் ஒரு பகுதியே ஆகும்.