கடாரம் எங்கே?



இராசேந்திர சோழன் வென்ற ஊர்களுள் கடாரமும் ஒன்று எனத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு சொல்கிறது. அது எங்கே? பர்மாவில் என்றார்கள் அந்நாளைய கல்வெட்டு அறிஞர்கள். பெரியவர்கள் சொன்னால் நாம் கைகட்டி நிற்போமே! எதிர்த்துக் கேட்க யார் இருந்தார்?

1918-இல் ஜார்ஜ் சேடேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் கேட்டார். நெதர்லாந்தின் லைடனுக்குப் போன ஆனைமங்கலச் செப்பேடுகளையும் சேர்த்துப் பார்த்தார். மொத்தம் 21 ஏடுகள். 5 வடமொழி, 16 தமிழ். ஒரே அரசனின் நாட்டை வடமொழி 'கடாகம்' என்கிறது, தமிழ் 'கடாரம்' என்கிறது. (இரண்டுக்கும் கொப்பரை என்று பொருள் உண்டு, அம்மாமார்களுக்குத் தெரியும்!) நம்ம கெடாதான் அது என்று முடிவு சொன்னார். நீலகண்ட சாஸ்திரியும் ஏற்றார்.

கல்வெட்டு வரிகள் அச்சில் வந்துவிட்டன. தமிழ் படிக்கும் நம்ம பிள்ளைகள் எழுத்துக்கூட்டியாவது பார்க்கட்டும்; எந்த வரியை வைத்துச் சொன்னீர்கள் ஐயா என்று நிபுணரையும் கேட்கட்டும்.