இரத்தக் குறைவு தலைவிதி அல்ல

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தாய்மாரே, அக்கா தங்கச்சிமாரே, பின்னால் நிற்கும் தோழர்களே!

இன்று ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் லூசி வில்ஸ். 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைப் பெண்கள் பலர் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தச்சோகைக்கு ஆளாகி, சிலர் உயிரையும் விட்டார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கவே அவரை அழைத்தார்கள்.

இரத்தத்தைச் சோதித்த கையோடு, இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் அவர் விசாரித்தார். வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கு இந்த நோய் குறைவு. ஏழைப் பெண்களின் சாப்பாட்டில் மரக்கறியும் பழமும் மிகக் குறைவு. அந்தச் சாப்பாட்டையே எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் இரத்தம் குறைந்தது. அப்போது அவர் கொடுத்துப் பார்த்தவற்றில் ஒன்று மாமைட். ஆமாம், நம் கடையில் விற்கிற அதே மாமைட்தான். குணம் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931இல் இதை எழுதி வெளியிட்டார்.

மாமைட்டில் இருந்த அந்தச் சத்து என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941இல் பசளிக்கீரையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சத்துக்கு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு போலிக் அசிட் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் தேடியது அதுதான். இன்று கிளினிக்கில் நமக்குக் கொடுக்கும் சின்ன மாத்திரை அதுவே. கரு உண்டாவதற்கு முன்பிருந்தே அதைப் போட்டால், பிள்ளையின் முதுகுத்தண்டிலும் மூளையிலும் ஏற்படும் பிறவிக் குறைகள் பெருமளவு குறையும் என்று 1991இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

நமக்கு இதில் என்ன? நாள் முழுக்க இலை பறிக்கிறோம். வீட்டுச் சட்டியில் கீரை இருக்கிறதா? ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் வயிற்றை நிரப்பும்; இரத்தத்தை ஊற வைக்காது. இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போனாலும் உயிருக்கே ஆபத்து.

ஆகவே சில விஷயங்களை மனதில் வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோ கொய்யாப்பழமோ கூட எடுத்தால் நல்லது. கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போடுங்கள். லயத்து ஓரத்தில் நாலு பாத்தி கீரை போடுங்கள். பருப்பும் கடலையும் சேருங்கள். திரிபோஷா கர்ப்பிணிக்கென்று தருவது. அதை வீட்டில் எல்லாருக்கும் பங்கு போட்டுவிடாதீர்கள். புருஷன்மாரே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் புத்திமதியால் மட்டும் இரத்தம் ஊறாது. கிளினிக் நாளில் பேர் வெட்டினால் எந்தத் தாய் கிளினிக்குக்குப் போவாள்? கூலி போதாவிட்டால் முட்டையும் மீனும் எங்கிருந்து வரும்? மகப்பேற்று நன்மைச் சட்டம் 1939இல் வந்தது. 2018இல் செய்த திருத்தத்தின்படி, மூன்றாவது பிள்ளைக்கும் அதற்குப் பின்னான பிள்ளைக்கும்கூட 12 வார லீவு உண்டு. லீவைக் குறைத்தாலோ, நிறைமாதத்தில் மேட்டு மலைக்கு அனுப்பினாலோ, கிளினிக் நாளுக்குப் பேர் போடாவிட்டாலோ உடனே தோட்டத் தலைவியிடம் சொல்லுங்கள். திகதியை எழுதி வையுங்கள். எழுதி வைத்த திகதிதான் பேச்சுவார்த்தை மேசையில் நமக்காகப் பேசும்.

பம்பாய்ப் பெண்களின் நோய்க்கு வேர் அவர்களுடைய வறுமையில் இருந்தது. அதை ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்துச் சொன்னார். நம் லயங்களில் அந்த வேரைப் பிடுங்குவது சங்கத்தின் வேலை, நம் எல்லாருடைய வேலை.