விருந்தும் வரிசையும்



விடைத்தாள் மதிப்பீட்டுப் பணிக்காக அண்மையில் கொழும்பிலே பத்து நாள் தங்கவேண்டியிருந்தது. இடையிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பழைய மாணவன் ஒருவன் முதல்நாளே தொலைபேசியில் அழைத்தான். “சேர், நாளைக்கு வேறை ஒரு இடமும் போயிடாதேங்கோ. அம்மாவும் வந்து நிக்கிறா. மூண்டு பேருமாப் போய்ச் சாப்பிடுவம்” என்றான். வங்கியொன்றிலே அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. அந்த மகிழ்ச்சியை யாருக்காவது சாப்பாடு போட்டுத்தான் தீர்க்கவேண்டும். அது நம்மவர் வழக்கம். நானும் சம்மதித்தேன்.

அவன் அழைத்துச் சென்றது கடற்கரையோரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு. வாசலிலே பையைத் திறந்து காட்டினோம். உலோகத்தைக் கண்டறியும் சட்டத்தினூடாக நடந்தோம். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், தேவாலயங்களிலே குண்டுகள் வெடித்தபோது ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி என்ற மூன்று ஹோட்டல்களிலும் வெடித்தன. காலைச் சாப்பாட்டுக்கு மக்கள் கூடியிருந்த வேளை அது. ஆகவே இந்தச் சோதனையை நான் குறைகூறேன். அதுவுமன்றி, பையைத் திறந்து காட்டிப் பழகிய தலைமுறைதானே நாங்கள்.

உள்ளே போனால் நீள நீளமான மேசைகள். மேசைகளிலே கண்ணாடிபோல மின்னும் மூடிகள். மூடிக்குக் கீழே உணவுத் தட்டம், அதற்குக் கீழே வெந்நீர், வெந்நீருக்குக் கீழே விரலளவு சுவாலை. ஒரு மூலையில் ஜப்பான், அதற்கடுத்துச் சீனம், தள்ளி இத்தாலி, பிறகு லெபனான், இந்தியா. கடைசியில், அப்பச்சட்டியும் சம்பலுமாக நம் இலங்கை. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் பத்து நிமிடத்தில் உலகை ஒருமுறை சுற்றிவரலாம். ஒருவருக்கு 10,000 ரூபாவுக்கு மேல் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். முன்னரே அறிந்திருந்தால் வயிற்று வலி என்று சொல்லியிருப்பேன்.

இதற்கு ‘பிரஞ்ச்’ என்று பெயர். காலைச் சாப்பாட்டுக்குரிய ஆங்கிலச் சொல்லின் தலையையும் மத்தியானச் சாப்பாட்டுக்குரிய சொல்லின் உடலையும் ஒட்டவைத்த பெயர். 1895 இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கில எழுத்தாளர், சனி இரவு நெடுநேரம் களித்தவர்களை ஞாயிறு அதிகாலையிலே எழுப்பி வருத்தாமல், இரண்டு சாப்பாட்டையும் ஒன்றாக்கிச் சற்றுப் பிந்திப் பரிமாறலாமே என்று ஒரு கட்டுரையில் விண்ணப்பித்துக்கொண்டார். சொல் நிலைத்துவிட்டது.

எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்கும்போது வேறொரு நினைவு. “காலமைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் ஒண்டாப் போச்சு” என்று நம் வீடுகளில் ஒருத்தி சொன்னால், அது களிப்பைப் பற்றிய பேச்சல்ல. வீட்டிலே அரிசி குறைந்துவிட்டது என்று பொருள். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. அந்த ஆண்டிலே எத்தனையோ வீடுகள், பெயர் தெரியாமலே, கிழமையின் ஏழு நாளும் ‘பிரஞ்ச்’ சாப்பிட்டன.

‘பஃபே’ என்பதும் அப்படியொரு பயணம் செய்த சொல். பிரெஞ்சு மொழியிலே அது பாத்திர பண்டங்கள் வைக்கும் பக்கமேசையின் பெயர். மேசையின் பெயர் மேசைமேல் வைத்த சாப்பாட்டுக்கு ஆகிவந்தது. இடவாகுபெயர் என்று வகுப்பிலே படிப்பிக்கிறோமே, அதுதான். சுவீடன் நாட்டவர் இத்தகைய சாப்பாட்டை ஸ்மோர்கஸ்போர்ட் என்பர். 1939 இல் நியூயோர்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் அமெரிக்கர் அதை உண்டு வியந்தனர். ஜப்பானிலே கதை இன்னும் வேடிக்கையானது. டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் 1958 இல் இதனைத் தொடங்கியபோது, வடஐரோப்பியக் கடலோடிகளின் பெயரால் ‘வைக்கிங்’ என்று அழைத்தது. இன்றும் ஜப்பானியர் பஃபேக்குப் போவதை வைக்கிங் சாப்பிடப் போவதாகவே சொல்கிறார்கள்.

பிறநாட்டுச் சாப்பாடு என்று நான் முகம் சுளிப்பதாக எண்ணவேண்டாம். சுளிக்க எனக்கு உரிமையும் இல்லை. எங்கள் வீட்டிலே குசினி இருக்கிறது. குசினியிலே மேசை, மேசையருகே கதிரை, மேசையிலே கோப்பை, கோப்பையிலே பாண். இந்த ஐந்து சொல்லும் போர்த்துக்கேயர் தந்துவிட்டுப் போனவை. சம்பலில் இடித்த செத்தல் மிளகாயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். லம்பிரைஸ் ஒல்லாந்தர் வழியினரின் வீட்டுச் சோறு. வட்டிலப்பத்தை மலாய் மக்களிடமிருந்து பெற்றோம் என்பர். சர்வதேச உணவு நமக்குப் புதிதல்ல. வந்த வழி மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.

ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஹும்முஸ் என்று எழுதியிருந்தது, அவித்தரைத்த கொண்டைக்கடலையும் எள்ளு விழுதும் தேசிக்காய்ப் புளியும். எங்கள் ஆச்சி பார்த்திருந்தால் “இதுக்கோ இவ்வளவு எடுப்பு” என்றிருப்பா. சுஷி, மீன் பழுதாகாதிருக்கச் சோற்றுக்குள் வைத்துப் புளிக்கவிட்ட பழைய வழக்கத்திலிருந்து வளர்ந்தது. கிம்சி, கொரிய வீடுகளிலே பனிக்காலத்துக்கென்று தேடி வைத்தது. நமது மோர்மிளகாயும் வடகமும் போல. பஞ்சத்துக்கும் பனிக்கும் பயந்து ஏழைகள் கண்டுபிடித்த பண்டங்கள் பல, இங்கே சரவிளக்கின் கீழே ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொண்டு கிடந்தன. (மரக்கறிக்காரருக்கு ஒரு எச்சரிக்கை: கரண்டிகளும் நாடுவிட்டு நாடு போகின்றன.)

என்னை உறுத்தியது வேறு. அந்த மண்டபத்திலே நல்லவை எல்லாம் இருந்தன. “இன்னும் கொஞ்சம் போடட்டோ” என்று கேட்கும் குரல்தான் இல்லை.

நம் கோயில் மடத்துப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாறுபவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, இலையைப் பார்க்கிறார். எந்தக் கறி முடிந்தது, எது தொடப்படாமல் கிடக்கிறது என்று இலை அவருக்குச் சொல்லிவிடும். “காணும், காணும்” என்று நாம் கையால் இலையை மறைப்போம். அவர் விரல்களுக்கு மேலாலே ஒரு அகப்பை ஊற்றுவார். அந்த மறுப்பும் பொய், அந்தக் கோபமும் பொய். ஆனாலும் அந்த இரண்டு பொய்களுக்கும் இடையிலே ஒரு உண்மை நிற்கிறது. நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நாமே சொல்லத் தேவையில்லை, இன்னொருவர் கவனித்துக்கொள்கிறார் என்பதுதான் அது. விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதிதாக வந்தவரைக் குறித்த சொல், பின்னர் அவருக்கு இட்ட உணவுக்கும் பெயராயிற்று. வந்தவர் இல்லாமல் உணவு மட்டும் விருந்தாவதில்லை. திருவள்ளுவரும் விருந்தோம்பலுக்கு வகுத்த அதிகாரத்திலே கறிவகை எதையும் எண்ணிச் சொல்லவில்லை. வந்தவரின் முகம் வாடுவதைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

இப்படியெல்லாம் எண்ணிக்கொண்டு, ஆறு நாட்டுப் பண்டங்களை ஒரே தட்டில் ஏற்றியபடி மேசைக்குத் திரும்பினேன். பண்டங்களுக்கிடையே எல்லைப் பிரச்சினை ஏற்பட்டுவிட்டது. சோயாக் குழம்பு கடலை விழுதுக்குள் ஊடுருவியிருந்தது.

மாணவனின் தாயார் போன இடத்திலேயே இருந்தார். கை இரண்டும் மடியில். முன்னாலே வெறும் கோப்பை.

“அம்மா, எழும்பி வாங்கோவன். உங்களுக்கு விருப்பமானதைப் பாத்து எடுங்கோ” என்றான் மகன்.

“நீங்கள் எடுத்துச் சாப்பிடுங்கோ. நான் இருக்கிறன்.”

இரண்டு முறை கேட்டான். மூன்றாம் முறை குரலிலே சிறு சலிப்பும் வந்தது. இவ்வளவு செலவழித்து அழைத்து வந்தவனுக்கு அது வராதா? பிறகு தானே போய் ஒரு தட்டு நிறைய எடுத்துவந்து வைத்துவிட்டு, தனக்கு எடுக்கச் சென்றான். தாயார் அதிலிருந்து ஒரு துண்டு பாணை மட்டும் பிய்த்தார்.

கிராமத்துக் கூச்சம் என்றுதான் நான் எண்ணினேன். எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் எனக்குப் புத்தி அவ்வளவுதான். “எல்லாரும் தாங்களே எடுக்கிற இடம்தானே அம்மா, வெக்கப்பட ஒண்டுமில்லை” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “வெக்கம் இல்லை சேர். இனிக் கோப்பையோடை வரிசையிலை நிக்கிறேல்லை எண்டு நினைச்சிருந்தனான். மெனிக் பாமிலையிருந்து வெளிக்கிட்ட அண்டைக்கு நினைச்சது. அவனுக்குச் சொல்லேல்லை. சொன்னால் கவலைப்படுவான்.”

நேயர்களுள் பலருக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. ஆயினும் இளையவர்களுக்காகச் சொல்லவேண்டும். 2009 இல் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் அமைந்த மெனிக் பாம் அவற்றுள் மிகப் பெரியது. 2012 செப்ரெம்பரில்தான் அது மூடப்பட்டது. அதற்கு முந்திய மாதங்களில், முள்ளிவாய்க்காலிலே, அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சிக்கு மக்கள் வரிசையில் நின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்திலே அந்தக் கஞ்சியைக் காய்ச்சி நினைவுகூர்கிறோம். என் மாணவனுக்கு அப்போது பதினான்கு வயது. அடுத்த வருடம் எங்கள் கல்லூரிக்கு வந்தான். கட்டுரை எழுதச் சொன்னால், சாப்பாட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டான். அதை நான் கவனித்திருக்கிறேன். காரணத்தைக் கேட்டதில்லை.

நானும் வரிசையில் நின்றவன்தான். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது எனக்கும் ஏறக்குறைய அதே வயது. தென்மராட்சியிலே ஒரு பாடசாலை முற்றத்தில் கோப்பையுடன் நின்றேன். பசி மறந்துபோய்விட்டது. முன்னுக்கு நிற்பவரின் முதுகும், அண்டாவிலே அகப்பை சுரண்டும் சத்தமும் மட்டும் மறக்கவில்லை. சத்தம் மாறினால் அண்டா முடிகிறது என்று பொருள். இத்தனையும் தெரிந்த நான்தான் அந்தத் தாயாரைப் பார்த்து வெட்கப்படவேண்டாம் என்று சொன்னேன்.

மண்டபத்தில் அந்தச் சத்தம் கேட்பதற்கு இடமே இல்லை. தட்டம் பாதியாகும் முன்னரே பின்கதவால் இன்னொன்று வந்துவிடும். மணிமேகலையின் அமுதசுரபியைத்தான் நினைத்தேன். அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவத்தை நமது நயினாதீவு என்று கொள்வோர் உளர். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்பது மட்டுமே அதன் பெருமையாக நம் நினைவில் நிற்கிறது. ஆனால் வெறும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு மணிமேகலை காத்திருக்க நேர்கிறது. ஆதிரை என்ற ஒரு பெண் மனமுவந்து முதற்பிச்சை இட்ட பிறகே அது சுரக்கத் தொடங்குகிறது. அதன் பின் அதை ஏந்திக்கொண்டு பசித்தவர் இருந்த அம்பலத்துக்கு மணிமேகலைதான் செல்கிறாள். பிற்பாடு சிறைக்கோட்டத்துக்குள்ளும் செல்கிறாள், அது அறக்கோட்டமாகிறது.

அதே காப்பியத்தில் காயசண்டிகை வருகிறாள். முனிவர் ஒருவரின் நாவற்கனியைக் காலால் சிதைத்ததால் யானைத்தீ என்னும் தீராப்பசியைச் சாபமாகப் பெற்றவள். பன்னிரண்டு ஆண்டு எவ்வளவு உண்டும் அடங்காத அந்தத் தீ, அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடி சோற்றில் அவிகிறது. எங்கள் பக்கத்து மேசைகளிலும் ஒரு தீயைக் கண்டேன். அது பசித்தீ அல்ல. கொடுத்த காசுக்குச் சாப்பிட்டுவிட வேண்டும் என்ற தீ. தட்டு நிறைய எடுத்து, கால்வாசி தின்று, அதைத் தள்ளிவிட்டு அடுத்த தட்டுக்கு எழும்பினார்கள். அவர்களைக் குறைசொல்லும்போது என் தட்டையும் பார்த்தேன். சோயாக் குழம்பிலே ஊறிய பாதி உணவு அப்படியே கிடந்தது.

எழும்பிப் போனேன். அப்பம் சுடும் இடத்திலே ஒரு வெள்ளையப்பமும் ஒரு பாலப்பமும் கேட்டு வாங்கினேன். சம்பல் எடுத்தேன். தாயாரின் கோப்பையிலே கையால் வைத்தேன். “காணும் சேர், காணும்” என்று கோப்பையை மறைத்தார். விரலுக்கு மேலாலே சம்பலைப் போட்டேன். சிரித்தார். அன்று அவர் சிரித்ததை அப்போதுதான் கண்டேன். தட்டோடு திரும்பிவந்த மாணவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அம்மாக்கு அப்பம் எண்டு சொல்லியிருந்தால் வெள்ளவத்தையிலையே வாங்கியிருப்பன்” என்றான்.

வெற்றுத் தட்டுகளை எடுக்க ஒரு இளைஞன் வந்தான். பேச்சிலே மலையகம் தெரிந்தது. தாயார் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, நீ சாப்பிட்டியோ?”

அவன் தட்டை எடுத்த கையோடு நின்றான். அப்படியொரு கேள்விக்குப் பயிற்சி கொடுத்திருக்கமாட்டார்கள். “இன்னும் இல்லைங்கம்மா. மூணு மணிக்கு மேலதான்.”

“இவ்வளவும் இஞ்சை கிடக்கு. பிள்ளை பசியோடை நிக்குது” என்றார் தாயார், என்னிடமோ மகனிடமோ அல்லாமல் பொதுவாக.

அவன் போய்விட்டான். சற்று நேரத்திலே யாரும் கேளாமலே இஞ்சி போட்ட வெறுந்தேநீர் ஒன்றைக் கொண்டுவந்து தாயாரின் முன்னால் வைத்தான். சீனியைத் தனியே வைத்து, “எவ்வளவு போடட்டும்மா?” என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் ஒரு கரண்டி என்றார். அவன் ஒன்றரை போட்டான். தாயார் மறுக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.