தோல்வி என்னும் ஆசான்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு சதுரங்கம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். காரணம் வெளிப்படை. கைப்பேசியில் சதுரங்கம் ஆடும் பிள்ளை இல்லாத வீடு நம் குடியிருப்பில் இன்று அரிது. ஆடும் தந்தையரும் பலர். ஞாயிறு மாலைகளில் படிப்பகத்தில் கூடும் சதுரங்கக் குழுவினராகிய நாங்கள், கற்றதையும் இடறியதையும் உங்கள்முன் வைக்கின்றோம்.

இணையத்தில் நாங்கள் ஆடுவது 'ராபிட்' எனப்படும் விரைவு ஆட்டம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்படி, ஒருவருக்கு 10 நிமிடத்திற்கு மேலும் 60 நிமிடத்திற்குக் குறைவாகவும் நேரம் தரும் ஆட்டம் இது. இணையத் தளங்கள் 10 நிமிட ஆட்டத்தையும் இவ்வகையிலேயே சேர்க்கின்றன. இதில் சிந்திக்க இடமுண்டு, சோம்பியிருக்க இடமில்லை.

இரண்டு ஆண்டுகள் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினோம். எங்கள் தரப்புள்ளி 1,800-ஐத் தொடும், மறுவாரமே கீழிறங்கும். தோற்றவுடன் "இன்னும் ஓர் ஆட்டம்" என்று விரல் தானே பொத்தானை நாடும். குளிர்கால இரவில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு நள்ளிரவு கடந்தும் ஆடி, ஒரே இரவில் நூறு புள்ளிகளை இழந்து, மறுநாள் அலுவலகத்தில் கொட்டாவி விட்டவர்களும் எங்களுள் உண்டு. காரணம் கேட்டால், இணைய இணைப்புச் சரியில்லை என்போம். கை தவறியது என்போம். எதிரி கணினியின் துணையோடு ஆடினான் என்றும் சொல்வோம்.

ஒரு ஞாயிறன்று குழுவிலுள்ள பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "மாமா, ஜெயித்த ஆட்டத்தையே எல்லாருக்கும் காட்டுகிறீர்களே, தோற்ற ஆட்டத்தை ஏன் பார்ப்பதே இல்லை?" எங்களிடம் விடையில்லை. உண்மையில், நாங்கள் அவற்றைப் புதைத்து வந்தோம்.

அன்று தொடங்கினோம் ஒரு குறிப்பேடு. தோற்ற ஒவ்வோர் ஆட்டத்தையும் முதலில் கணினியின் உதவியின்றி நாங்களே ஆராய்ந்து, தவறு நேர்ந்த இடத்தை ஒரு வரியில் எழுதினோம். அதன் பின்னரே கணினியின் தீர்ப்பைக் கேட்டோம். இவ்வரிசை முக்கியமானது. விடையை முதலிலேயே பார்த்துவிட்டுக் கணக்கைப் போடும் மாணவனுக்குக் கணக்கு வாராது அல்லவா?

சில வாரங்களில் உண்மை விளங்கிற்று. தொடக்க நகர்த்தல்களை அறியாமையால் தோற்றவை மிகச் சிலவே. பெரும்பாலானவை மூன்று காரணங்களால் தோற்றவை.

முதற்காரணம், எதிரியின் கருத்தை நோக்காமை. நம் திட்டத்திலேயே மயங்கி, அவர் குதிரை எதைக் குறிவைத்து வந்தது என்று கேட்க மறந்தோம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னர், "அவர் நம் அரசனுக்குச் 'செக்' வைக்க இயலுமா? எந்தக் காயை வெட்ட இயலும்? அடுத்து எதை அச்சுறுத்துகிறார்?" என்னும் மூன்று வினாக்களை மனத்திற்குள் கேட்கப் பழகினோம். பழகியபின் இதற்குச் சில நொடிகளே ஆகும். நாள்தோறும் கால்மணி நேரம் புதிர்களைப் பொறுமையாகத் தீர்ப்பது இப்பழக்கத்திற்கு உரமாயிற்று.

இரண்டாவது, நேரத்தைச் செலவிடும் முறை. 15 நிமிடமும், நகர்த்தல் ஒன்றுக்கு 10 நொடி கூடுதலும் உள்ள ஆட்டம் 40 நகர்த்தல்கள் நீடித்தால், மொத்தம் 1,300 நொடிகள் கிடைக்கும். நகர்த்தலுக்குச் சராசரி 32 நொடி. நாங்களோ அமைதியான ஒரு நிலையில் ஐந்து நிமிடத்தைக் கரைத்துவிட்டு, நெருக்கடி வந்தபோது வெறுங்கையராய் நின்றோம். சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவழித்தவனுக்கு மாதக்கடைசியில் நேர்வதே எங்களுக்கும் நேர்ந்தது. அறிந்த தொடக்கத்தை விரைந்து ஆடி, காய்கள் மோதும் இடத்திற்கு நேரத்தைச் சேமிப்பதே சிக்கனம்.

மூன்றாவது, இறுதிக்கட்ட அறிவின்மை. இரு அரசர்கள் நேருக்கு நேர், இடையே ஒரே கட்டம் விட்டு நின்றால், நகர வேண்டியவர் வழிவிட நேர்கிறது. இச்சிறு உண்மையை அறியாமல் வெல்ல வேண்டிய சிப்பாய் ஆட்டங்கள் பலவற்றைச் சமன் செய்தோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் 14-ஆம் ஆட்டத்தில், டிங் லிரென் 55-ஆம் நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டால் எஞ்சும் சிப்பாய் ஆட்டம் தமக்கே வெற்றி என்று குகேஷ் கண்டுகொண்டார். பதினெட்டு வயதில் உலக வாகையரானார். அது நெடுநேர ஆட்டம். அங்கேயே இவ்வறிவு பட்டத்தை நிர்ணயிக்குமாயின், நொடிகள் ஓடும் நம் ஆட்டத்தில் அதன் தேவையைச் சொல்லவும் வேண்டுமோ?

இவற்றுடன் இரு கட்டுப்பாடுகள் வகுத்துக்கொண்டோம். தொடர்ந்து இரு ஆட்டங்கள் தோற்றால் அன்று ஆட்டம் இல்லை. ஆடும்போது எந்திரத்தின் உதவியை நாடுவது ஒருபோதும் இல்லை. அவ்வாறு பெறும் புள்ளி நம்முடையது அன்று.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். 1970-களின் பிற்பகுதியில் விசுவநாதன் ஆனந்தின் குடும்பம், நம்மைப் போலவே தாயகம் விட்டு, மணிலா நகரில் வாழ்ந்தது. அங்குத் தொலைக்காட்சியில் பகலில் சதுரங்க நிகழ்ச்சி வரும். மகன் பள்ளியில் இருக்க, அன்னையார் சுசீலா அம்மையார் ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதிவைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து தீர்ப்பர். அச்சிறுவரே 2017-இல், தம் 48-ஆம் வயதில், ரியாத்தில் உலக ராபிட் பட்டத்தை வென்றார். 2022 பிப்ரவரியில், பதினாறு வயதுப் பிரக்ஞானந்தா, அன்றைய உலக வாகையர் மாக்னஸ் கார்ல்சனை வென்றதும் இணையவழி விரைவு ஆட்டத்திலேதான். எனவே, இது வீண்பொழுது என்று கடிய வேண்டா. கட்டற்று விடவும் வேண்டா. பிள்ளை தோற்று எழும்போது, "எத்தனை புள்ளி போயிற்று?" என்று கேளாமல், "எங்கே தவறிற்று? காட்டு, பார்ப்போம்" என்று அருகில் அமருங்கள். ஆட்டம் அறியாத தாயும் அதைக் கேட்கலாம்.

எங்கள் நிலை யாதெனில், முன்னைவிடக் குறைவாக ஆடுகின்றோம். ஓராண்டில் 1,800 மெல்ல 1,950 ஆயிற்று. பெரும் உயர்வு அன்று. ஆயினும் இம்முறை அது கீழிறங்கவில்லை. எங்களைக் கேள்வி கேட்ட சிறுமி எங்களை முந்திச் சென்றுவிட்டாள். சென்ற ஞாயிறு அவளிடம் தோற்றோம். அவ்வாட்டமும் குறிப்பேட்டில் இருக்கிறது; விரும்புவோர் படிப்பகத்திற்கு வந்து காணலாம்.