படகு டிரெய்லருக்கு எந்த இரும்பு?

 

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவச் சகோதரர்களின் ஃபைபர் படகுகள் எத்தனை பேரைக் கரைசேர்த்தன என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் டிரஸ்ட் படகு வாங்கியது. இப்போது அதை இழுத்துச்செல்ல டிரெய்லர் வேண்டும்.

"இரும்பு மார்க்கெட் நம் வாசலிலேயே இருக்கிறதே, எம்.எஸ். சேனல் வாங்கி வெல்டிங் அடித்து ரெட் ஆக்சைடு பூசிவிடலாம்" என்கிறார்கள் சிலர். செலவு குறைவுதான். ஆனால் பயிற்சிக்கு எண்ணூர் முகத்துவாரத்தில் உப்புநீரில் இறக்கப்போகிறோம். பெயிண்டில் ஒரு கீறல் போதும், துரு அடியிலேயே பரவிவிடும். வெள்ள இரவில் சட்டம் முறிந்தால் படகு இருந்தும் இல்லாததுதான்.

எஸ்.எஸ். என்றால் 304 கடலுக்குப் போதாது, 316 வேண்டும். அந்த விலை நமக்குக் கட்டாது. ஸகாத் பணத்தை இதற்குத் தொடவும் முடியாது. அலுமினியம் இலேசானது. ஆனால் இரும்பு போல்ட் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அரித்துவிடும்.

என் கருத்து, ஹாட் டிப் கால்வனைசிங். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் சட்டத்தையே முக்கி எடுப்பார்கள். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெல்டிங், துளை எல்லாம் முடித்த பிறகே முக்க வேண்டும். ஜி.ஐ. பைப்பை வாங்கி வெல்டிங் அடித்தால் மூட்டில் பூச்சு எரிந்து, துரு அங்கேதான் தொடங்கும். பைப்புக்குள் உப்புநீரும் தேங்கும். திறந்த சேனலே நல்லது.

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவ இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்க வேண்டும். பட்டறைகளின் விலைப்புள்ளிகள் அலுவலகத்தில் இருக்கின்றன. அமானத் பணம், ஜும்ஆவுக்குப் பின் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.