பட்டமளிப்புக்கு ஊர் வருகிறவர்களுக்கு

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் அண்ணன், தங்கை பட்டம் வாங்குவதைப் பார்க்க லீவு போட்டு உத்திரமேரூர் பக்கம் வருவது இப்போது சாதாரணம். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் வராமல் இருக்க முடியுமா?

முதல் பட்டதாரி என்றதும் நினைவுக்கு வருவது சென்னைப் பல்கலைக்கழகம். அது தொடங்கியது 1857-இல். அதன் முதல் பட்டதாரிகளே கடல் கடந்து வந்தவர்கள்தான்: யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம்பிள்ளையும், அவருடைய ஆசிரியர் கறோல் விசுவநாதபிள்ளையும். வாத்தியாரும் மாணவரும் சேர்ந்தே பரீட்சை எழுதினார்கள்! பின்னாளில் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தவர் அந்த மாணவர்தான்.

படிப்புக்கு மதிப்பு உத்திரமேரூருக்கும் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பாருங்கள். குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊர்ச் சபைக்கு வர கால் வேலி நிலம் வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலியே போதும். அந்தக் கல்வி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை, அது வேறு கதை.

இனி பயண ஏற்பாட்டுக்கு வருவோம். பட்டமளிப்பு விழாத் தேதி சில சமயம் கடைசி நேரத்தில் மாறும். அதனால் கல்லூரி அறிவிப்பு உறுதியான பிறகே விமான டிக்கெட் எடுங்கள். அரங்கத்துக்குள் போக அனுமதிச் சீட்டும் பெரும்பாலும் அளவாகத்தான் தருவார்கள். அப்பா, அம்மாவோடு உங்களுக்கும் ஒன்று கிடைக்குமா என்று தங்கையை இப்போதே கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.